கத்தானியாவிலிருந்து ரோமுக்கு எவ்வளவு நேரம்?

1. ஷிப்ட் பஸ்ஸில் வந்த போன்

அன்று காலை ஷிப்ட் பஸ் ஓசூர் சிப்காட் பக்கம் திரும்பும்போது நாகராஜ் சாரிடமிருந்து போன் வந்தது. அவர் எங்கள் பிளான்ட் ஹெட். பத்து மணிக்கு முன்னால் எனக்கு போன் செய்கிற ஆள் இல்லை. எடுத்ததும், "சாந்தி, நம்ம அப்பாஸ் இருக்கானில்ல, அவன் அம்மா தவறிட்டாங்க. வந்ததும் வராததுமா அவனுக்கு டிக்கெட் பாரு," என்றார்.

அப்பாஸ் எங்கள் சர்வீஸ் இன்ஜினியர். ராயக்கோட்டைக்காரன். நாங்கள் செய்வது பிஸ்கட் பேக்கிங் மிஷின். வாங்கிய கம்பெனி எந்த நாட்டில் இருந்தாலும் எங்கள் ஆள் ஒருவன் போய் மிஷினை நிறுத்தி, ஓட்டிக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு வர வேண்டும். அப்போது அவன் இத்தாலியின் காலடியில் இருக்கும் சிசிலித் தீவில் இருந்தான். கத்தானியா என்பது அங்கே விமான நிலையம் உள்ள ஊர். பிஸ்கட் கம்பெனி அங்கிருந்து இரண்டு மணி நேரம் உள்ளே.

நான் டிராவல் டெஸ்க். டெலிபோன் ஆபரேட்டராக இந்தக் கம்பெனிக்கு வந்தேன், பிறகு ரிசப்ஷன், அதற்கும் பிறகு டிக்கெட் போடும் வேலை. பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரைகூட இல்லாத நான் பாதி உலகத்துக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன். இப்போது ரிடையர் ஆகிவிட்டேன். என் நாற்காலியில் உட்காரப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த போனில் நாகராஜ் சார் கடைசியாகச் சொன்னதுதான் சிக்கல். அப்பாஸின் அத்தாவிடம், அவன் அப்பாவிடம், அவரே பேசிவிட்டாராம். பையன் நாளைக்கு பஜ்ருக்கு, அதாவது விடிகாலைத் தொழுகைக்கு, வீட்டில் இருப்பான், அதுவரை அடக்கம் செய்ய வேண்டாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டாராம். அவர்களும் ஐஸ் பெட்டிக்குச் சொல்லிவிட்டார்களாம்.

டிக்கெட் போடுகிறவள் நான். ஆள் எப்போது வருவான் என்று சொல்லிவிட்டது அவர்.

2. நாற்பது நிமிஷம்

ஆபீசுக்குப் போனதும் அவர் தன் மொபைலை என் மேஜையில் வைத்தார். இரண்டு ஊர்ப் பேரைப் போட்டால் நடுவில் எத்தனை கிலோமீட்டர், விமானத்தில் எவ்வளவு நேரம் என்று சொல்லும் ஒரு வெப்சைட். கத்தானியாவுக்கும் மால்டா தீவுக்கும் நடுவில் இருநூறு கிலோமீட்டர்கூட இல்லை, பறக்கும் நேரம் நாற்பது நிமிஷம் என்று அதில் இருந்தது. மால்டாவிலிருந்து வளைகுடாவுக்கு மதியம் ஒரு விமானம் உண்டு, அதைப் பிடித்தால் பெங்களூருக்கு நடுராத்திரிக்குப் பிறகு வந்துவிடலாம், அங்கிருந்து விடிவதற்குள் ராயக்கோட்டை. அவர் போட்ட கணக்கு இதுதான். கணக்கில் தப்பே இல்லை. கத்தானியாவிலிருந்து மால்டாவுக்கு அன்றைக்கு விமானம் இல்லை என்பது ஒன்றுதான் குறை.

இந்த வெப்சைட்டுகளைப் பற்றி இளையவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவை மேப்பில் ஸ்கேல் வைத்துக் கோடு கிழிக்கும். கிழித்த கோட்டை ஜெட் வேகத்தால் வகுக்கும். அந்தக் கோட்டின் மேல் இன்றைக்கு ஒரு விமானம் பறக்கிறதா, அதில் ஒரு சீட் இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. தேன்கனிக்கோட்டைக்காரரிடம் கேட்டால் சொல்வார். காட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கர்நாடக ஊர் கிட்டத்தில்தான், ஆனால் அந்த வழியில் யானை போகும், பஸ் போகாது. ஓசூர் வந்து சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

அன்றைக்கு அப்பாஸுக்கு இருந்த ஒரே வழி ரோம். கத்தானியாவிலிருந்து ரோம், ரோமிலிருந்து வளைகுடா, அங்கிருந்து பெங்களூரு. அதிலும் ரோமுக்குப் போகும் விடிகாலை விமானங்கள் நிரம்பியிருந்தன. எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் நம் நேரத்துக்கு மதியம் மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் கிளம்புகிற விமானம்தான் கிடைத்தது. அதில் போட்டால் பெங்களூரில் மறுநாள் காலை இறங்குவான். ஏர்போர்ட்டிலிருந்து ஓசூர் வருவதற்கு எவ்வளவு நேரமாகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ராயக்கோட்டையில் கால் வைக்கும்போது மதியம் தாண்டிவிடும்.

சீட்டைப் பிடித்துவிட்டு நாகராஜ் சாரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். கெட்ட மனுஷன் இல்லை. தொழிலாளி வீட்டில் ஒரு கஷ்டம் என்றால் முதலில் போய் நிற்கிறவர். நிமிர்ந்து பார்த்து, "இப்ப எதுவும் சொல்லாதம்மா. பஜ்ருக்கு அப்பறம் பாத்துக்கலாம். பிளைட் கொஞ்சம் லேட்டுன்னு சொன்னா ஆய்த்து, இன்னும் ரெண்டு அவர் வெய்ட் பண்ண மாட்டாங்களா?" என்றார்.

இது எங்கள் பிளான்ட்டின் பழக்கம். மிஷின் பெயிண்ட் ஷாப்பில் ஈரம் காயாமல் நிற்கும், வாங்கினவரிடம் வண்டி கிளம்பிவிட்டது என்போம். வண்டி சூளகிரியைத் தாண்டியிருக்காது, வேலூரில் இருக்கிறது என்போம். காத்திருக்கிறவரிடம் மொத்த நேரத்தையும் ஒரேயடியாகச் சொன்னால் கத்துவார், இரண்டு இரண்டு மணி நேரமாக வெட்டிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார் என்பது டிஸ்பாட்சில் எல்லாருக்கும் பாடம். நானும் அதே வாயால் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அதை மிஷினுக்குச் சொல்வது ஒன்று, கூடத்தில் அம்மாவைக் கிடத்திவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களிடம் சொல்வது வேறொன்று. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பிளான்ட் ஹெட்டிடம் காட்டுகிற அளவு இல்லை. சரி சார் என்று சொல்லிவிட்டு என் இடத்துக்குப் போய்விட்டேன்.

3. "சொல்லிடாதீங்க மேடம்"

பதினொரு மணி வாக்கில் அப்பாஸே கூப்பிட்டான். பிஸ்கட் கம்பெனி டிரைவர் அவனைக் கத்தானியா ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டுப் போயிருந்தார். அங்கே அப்போதுதான் பொழுது விடிகிற நேரம். அழுது முடித்த குரல். டிக்கெட்டைப் பார்த்திருக்கிறான், தானே கணக்கும் போட்டிருக்கிறான். பஜ்ருக்கு வர முடியாது என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது.

"அத்தாகிட்ட சொல்லிடாதீங்க மேடம்," என்றான். "பஜ்ருக்கு வந்துட்றன்னே இருக்கட்டும். ஒருதடவ வச்சிட்டாங்கன்னா அப்பறம் எனக்காக இன்னும் கொஞ்சம் வைப்பாங்க. இல்லாட்டி இன்னிக்கே எடுத்துடுவாங்க. அம்மா மொகத்த நான் பாக்க வேணாமா?"

எனக்கும் இரண்டு பையன்கள். சரிப்பா என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. நான் எதுவும் சொல்லவில்லை. அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனை வைத்தான்.

பிளான்ட் ஹெட் சொல்லாதே என்கிறார். பெற்ற பிள்ளையும் சொல்லாதே என்கிறான். சொல்லாமல் இருந்தால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் ராயக்கோட்டையில் ஒரு வீடு முழுக்க நான் போடாத ஒரு டிக்கெட்டை நம்பி உட்கார்ந்திருக்கிறது. கொஞ்ச நேரம் கீபோர்டைத் தட்டுவது போல் தட்டிக்கொண்டிருந்தேன். பிறகு அப்பாஸின் பைலில் இருந்த வீட்டு நம்பருக்கு போன் செய்தேன்.

அவன் அத்தா எடுத்தார். தக்காளி மண்டிக்காரர். ஒருமுறை பாஸ்போர்ட் விஷயமாகப் பேசியிருக்கிறேன். ஏலத்துக்கு இந்த நேரம் என்றால் அந்த நேரம், யாருக்காகவும் தள்ளிப் போடாதவர் என்று அப்பாஸ் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான். நான் சுற்றி வளைக்கவில்லை. பாய், அப்பாஸ் பஜ்ருக்கு வர முடியாது, எல்லா விமானமும் நேரத்துக்கு ஓடினாலே நாளை மதியம் தாண்டும், ஒன்று தவறினால் ராத்திரிகூட ஆகும் என்று சொன்னேன். அந்தப் பக்கம் பெண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள்.

"உங்க சாருக்கு இது தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியும் என்றேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. எங்களில் மவுத்தானவர்களைக் காக்க வைக்கக் கூடாது, ஒரு ராத்திரி என்று சார் கேட்டதால்தான் மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒத்துக்கொண்டேன், மதியம் வரைக்கும் முடியாது, இன்றைக்கு அஸர் தொழுகை முடிந்ததும் அடக்கம் செய்துவிடுகிறோம் என்றார். சாயங்காலம் நாலே காலுக்கு மேல் அந்தத் தொழுகை. அவர் குரல் அதுவரை சரியாகத்தான் இருந்தது. பையனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் அம்மா என்று சொல்லும்போதுதான் உடைந்தது.

அப்பாஸைக் கூப்பிட்டுச் சொன்னேன். என் வேலையில் அதுபோல ஒரு போன் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. முதலில் அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும், "நீங்க யாரு மேடம் எங்க வூட்டு விஷயத்துல சொல்றதுக்கு?" என்றான். கட் செய்துவிட்டான். மறுபடி போட்டேன், ஸ்விட்ச் ஆப். அவன் அத்தா போட்டாலும் ஸ்விட்ச் ஆப். அக்கா ரஹிமா போட்டாலும் அதேதான்.

4. அஞ்சு மணி வரைக்கும்

நாகராஜ் சாரிடம் போய், சொல்லிவிட்டேன் சார் என்றேன். சேரைப் பின்னால் தள்ளி எழுந்தார். என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். "ஏம்மா, நான் அவ்வளவு சொல்லியும்..." என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. பிறகு டிரைவரைக் கூப்பிட்டு வண்டியை எடுக்கச் சொன்னார். "நீயும் வா. வாக்கு குடுத்தவன் நானு, நேர்ல போய்த்தான் சொல்லணும்," என்றார்.

கெலமங்கலத்தை நெருங்கும்போது அப்பாஸின் அத்தாவே என்னைக் கூப்பிட்டார்.

வெள்ளைக் கபன் துணி சுற்றி முடித்தாலும் தூக்குகிற வரை முகம் திறந்துதான் இருக்குமாம். போட்டோ எடுப்பது அவருக்குப் பிடிக்காது. ஆனால் போனில் மகன் நேராக ஒருமுறை பார்த்து ஸலாம் சொல்லிக்கொள்ளட்டும் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுவிட்டாராம். அவன்தான் போனைத் திறக்கவில்லை.

"அவன் எப்ப போன தொறப்பான்?" என்று கேட்டார்.

கோபத்தில் இருக்கிறான் பாய், விமானத்தில் ஏறிவிட்டால் இறங்குகிற வரை திறக்க முடியாது, ரோமில் இறங்கியதும் அடுத்த விமானம் எந்த கேட் என்று பார்க்கவாவது திறந்துதான் ஆக வேண்டும் என்றேன்.

"அவன் எறங்கற வரைக்கும் நான் தாக்காட்டறன்மா. கத்தானியாலேர்ந்து ரோமுக்கு எவ்ளோ நேரம்? எனக்காகக் கொறச்சிச் சொல்லாதீங்க."

இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவில் எவ்வளவு நேரம் என்று ஒரு நாளைக்கு எத்தனையோ பேர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். அன்றைக்குத்தான் அந்தக் கேள்வியின் கனம் தெரிந்தது. நாகராஜ் சாரின் வெப்சைட்டைக் கேட்டிருந்தால் ஐந்நூற்று நாற்பது கிலோமீட்டர், ஐம்பது நிமிஷம் என்றிருக்கும். நம்மூரிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிற தூரம். விமானக் கம்பெனியைக் கேட்டால் ஒன்றேகால் மணி நேரம் என்று டிக்கெட்டிலேயே போட்டிருக்கிறது. என் அனுபவத்தைக் கேட்டால் வேறு கணக்கு. கதவு சாத்தத் தாமதமாகும். ரன்வேயில் வரிசை நிற்கும். ரோம் பெரிய ஏர்போர்ட், இறங்கின பிறகும் நிற்க இடம் கிடைக்கும்வரை தரையில் ஊர்ந்துகொண்டே இருக்கும். இவ்வளவுக்கும் பிறகு அவன் போனைத் திறக்க மனசும் வைக்க வேண்டும்.

ஐம்பது நிமிஷம் என்றால் அவர் அஸருக்கு முன்பே ஆயத்தமாகிவிடுவார். டிக்கெட் நேரத்தைச் சொன்னால் தொழுகை முடிந்த கையோடு தூக்கிவிடுவார். அஞ்சு மணி பாய், அதற்கு முன்னால் எதிர்பார்க்காதீர்கள் என்றேன்.

"சரி, அஞ்சு. அதுக்கு மேல வைக்க மாட்டன்மா. கபர் தோண்டி வச்சாச்சு, பொழுது போறதுக்குள்ள மண்ணு தள்ளணும்," என்றார்.

அப்பாஸின் நம்பருக்கு ஒரு மெசேஜ் போட்டேன். அம்மா வீட்டில்தான் இருக்காங்க, அஞ்சு மணி வரைக்கும் அத்தா காத்திருக்கார், இறங்கினதும் எனக்கு வீடியோ கால் பண்ணு. போனைத் திறந்தவுடன் முதலில் இதுதான் அவன் கண்ணில் பட வேண்டும் என்பதால் அதன்பிறகு நான் வேறு எதுவும் அனுப்பவில்லை, அவன் அக்காவிடமும் அனுப்ப வேண்டாம் என்றேன்.

5. ராயக்கோட்டை

வீட்டு முன்னால் சாமியானா போட்டிருந்தார்கள். மண்டி ஆட்கள், வண்டிக்காரர்கள், பக்கத்து ஊர்களிலிருந்து தக்காளி கொண்டு வருகிற விவசாயிகள் எல்லாரும் தெரு முழுக்க நின்றிருந்தார்கள். நாகராஜ் சார் நேராகப் போய் அப்பாஸின் அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, என் தப்பு பாய் என்றார். அவர் பக்கத்தில் ஒரு சேரைக் காட்டினார்.

என்னை ரஹிமா உள்ளே கூட்டிப் போனாள். அந்த அம்மாவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வெள்ளைத் துணிக்கு நடுவில் சின்ன முகம். அப்பாஸின் மூக்கு அப்படியே அவருடையது. தலைமாட்டில் இடம் விட்டு என்னை உட்கார வைத்தார்கள். போனை மடியில் வைத்துக்கொண்டேன்.

விமானங்களை மேப்பில் காட்டும் ஆப் ஒன்று உண்டு. மூன்று மணி ஆயிற்று, அப்பாஸ் ஏறிய விமானம் இன்னும் கத்தானியாவிலேயே நின்றது. மூன்றே காலுக்கு மேல்தான் மஞ்சள் விமானப் பொம்மை நகர்ந்து கடலுக்கு மேல் வந்தது. நீலத்தில் அது அசைகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ரஹிமா என் தோள் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள், இது தம்பியா என்று ஒருமுறை கேட்டாள். ஆமாம்மா என்றேன்.

அஸர் பாங்கு சொன்னார்கள். ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போனார்கள். திரும்பி வரும்போது சந்தூக்கை, அதாவது தூக்கிப் போகும் பெட்டியை, கொண்டு வந்து வாசலில் வைத்தார்கள். வெளியே பெரியவர் ஒருவர் இன்னும் எதற்கு நிற்கிறோம் என்று கேட்பது காதில் விழுந்தது. அஞ்சு மணிக்குன்னு சொல்லியிருக்கன் என்று அப்பாஸின் அத்தா சொன்னார். அந்த அஞ்சு மணி நான் கொடுத்தது.

நாலரை தாண்டியதும் பொம்மை ரோமுக்கு மேல் வந்து நின்றுவிட்டது. இறங்கிவிட்டான் என்று ரஹிமாவிடம் சொன்னேன். சொன்னதும் அறையில் இருந்த பெண்கள் எல்லாரும் என் மடியைப் பார்த்தார்கள். போன் அடிக்கவில்லை. நாலே முக்கால் ஆயிற்று. மெசேஜ் போய்ச் சேர்ந்ததற்கான இரண்டாவது டிக் விழவில்லை. இந்தப் பையன் வீம்புக்கு போனைத் திறக்காமலே அடுத்த கேட்டுக்கு நடந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெளியே பெஞ்சு நகர்கிற சத்தம், ஆட்கள் எழுந்து நிற்கிற சத்தம்.

இரண்டாவது டிக் விழுந்தது. அடுத்த மூச்சில் போன் அடித்தது.

விமானத்துக்குள் நின்றபடியே கூப்பிட்டிருந்தான். அவனுக்குப் பின்னால் ஆட்கள் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் போனைத் திருப்பி அந்த அம்மாவின் முகத்துக்கு மேல் பிடித்தேன். ம்மா என்று ஒருமுறை கூப்பிட்டான். பிறகு ஸலாம் சொன்னான். பிறகு தாழ்ந்த குரலில் ஓத ஆரம்பித்தான், நடுவில் இரண்டு முறை நின்று நின்று ஓதி முடித்தான். அவனிடம் வழி விடச் சொல்லி யாரோ இத்தாலிய மொழியில் பேசுவது கேட்டது, அவன் நகரவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு போனை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அத்தா வாசலுக்கு வந்து நின்றார். "பாத்துட்டானா?" என்று கேட்டார். ரஹிமா தலையாட்டினாள். அவர் மணியைப் பார்க்கவில்லை. உள்ளே வந்து, மனைவியின் முகத்தைத் தானும் ஒருமுறை பார்த்துவிட்டு, துணியை மூடச் சொன்னார்.

6. அப்பாஸ் சொன்னது

அவன் மறுநாள் மதியத்துக்கு மேல்தான் வந்து சேர்ந்தான். நேராகக் கபர்ஸ்தானுக்குப் போனானாம். கொஞ்ச நாள் லீவு முடிந்து வேலைக்கு வந்தபோது என் மேஜைப் பக்கம் வரவில்லை. கேன்டீனில் பார்த்தாலும் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு வருத்தமாக இருந்தது, ஆனால் கேட்கிற உரிமை எனக்கில்லை என்று விட்டுவிட்டேன். நாகராஜ் சார் மட்டும் அதற்குப் பிறகு வெளிநாட்டில் இருப்பவர்களின் வீட்டுக்குப் பேச வேண்டியிருந்தால் முதலில் என்னிடம் வந்து, நெஜமான டைம் சொல்லும்மா என்று கேட்டுக்கொண்டுதான் பேசுவார்.

அடுத்த வெளிநாட்டுப் பயணத்துக்கு டிக்கெட் வாங்க அப்பாஸ் வந்துதானே ஆக வேண்டும். வந்தான். பிரிண்ட் அவுட்டைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நின்றான்.

"அன்னிக்கு நீங்க பஜ்ருன்னே விட்டிருந்தா என்னா ஆயிருக்கும்னு அத்தாவ கேட்டன் மேடம்," என்றான். "சொன்ன நேரம் சொன்ன நேரந்தான், பஜ்ரு தொழுதுட்டு தூக்கியிருப்பன்னாரு. அந்த நேரத்துல நான் எங்க இருந்தன்னு பாத்தன். பெங்களூர் பிளைட்ல. போன் ஆப்ல. நான் கேட்ட பொய்ய நீங்க சொல்லியிருந்தா, எனக்கு அம்மா மொகமே கெடச்சிருக்காது."

நான் இந்த வேலையில் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். வெப்சைட் பறக்கும் நேரத்தைச் சொல்லும், டிக்கெட் இறங்கும் நேரத்தைச் சொல்லும். போன் செய்து கேட்கிறவர் இரண்டையும் கேட்கவில்லை, தன் ஆளின் குரல் எப்போது கேட்கும் என்று கேட்கிறார். அந்த நேரத்தைச் சொல்லுங்கள். ஆறுதலுக்காக அதில் ஒரு நிமிஷத்தைக்கூடக் குறைக்காதீர்கள். நீங்கள் சொல்கிற நேரத்துக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவர் எதையோ மூடப் போகிறார்.